மட்கும் பைகள், கோப்பைகள், தட்டுகள்: அவற்றின் முத்திரைகளைப் பற்றிய ஒரு மதிப்பாய்வு

'கம்போஸ்டபிள்', அதாவது மட்கி உரமாகக்கூடியது, என்று அச்சிட்ட ஒரு பையை வாங்குபவர் இரண்டு பொருள்களுக்குச் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். கையில் பிடிக்கும் பை ஒன்று; பயன்படுத்தி முடித்தபின் அந்தப் பை என்னவாகும் என்ற வாக்குறுதி மற்றொன்று. பை கிழிகிறதா, ஒழுகுகிறதா என்பது முதல் நாளே தெரிந்துவிடும். வாக்குறுதி நிறைவேறியதா என்பதை வாங்கியவர் பெரும்பாலும் பார்க்கப் போவதில்லை, ஏனெனில் அது அவர் கண்ணுக்கு எட்டாத ஒரு கம்போஸ்ட் ஆலையில், அவர் அந்தப் பையை மறந்த பிறகு நிறைவேறுகிறது அல்லது பொய்த்துப் போகிறது. அந்த வாக்குறுதிக்கு வாங்குபவரிடம் இருக்கும் ஒரே சான்று மேலே அச்சிட்டிருக்கும் முத்திரைதான். எனவே இந்த மதிப்பாய்வில் பையின் வலிமையையோ கோப்பையின் அழகையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றின் மேல் எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் பார்த்தவை சமையலறைக் குப்பைத் தொட்டியில் விரிக்கும் பைகள், சூடான பானத்துக்கான காகிதக் கோப்பையும் அதன் மூடியும், கரும்புச் சக்கையில் வார்த்த தட்டுகள், பொருள்களை அனுப்பும் அஞ்சல் உறைகள் ஆகியன. இவற்றைத் தயாரித்தவர்களின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒரே வகைக் குறைபாடு பல தயாரிப்பாளர்களின் பொருள்களிலும் திரும்பத் திரும்ப வருவதால், ஒருவரைச் சுட்டுவது நியாயமாக இருக்காது. சான்றளிக்கும் அமைப்புகளையும் அரசுகளின் விதிகளையும் மட்டும் பெயரோடு சொல்கிறேன். எல்லா முத்திரைகளிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: பயன்படுத்திய பிறகு இதை எங்கே போட வேண்டும் என்று இது எனக்குத் தெளிவாகச் சொல்கிறதா?

முத்திரையை மதிப்பிட, அதன் பின்னால் நிற்கும் சோதனை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த இஎன் 13432 என்ற தரநிலையும், அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி6400 என்ற தரநிலையும், பன்னாட்டளவிலான ஐஎஸ்ஓ 17088 என்பதும் விவரங்களில் சற்று வேறுபட்டாலும் அடிப்படையில் ஒரே தேர்வையே வைக்கின்றன. முதலாவதாக, பொருளிலுள்ள கார்பனை நுண்ணுயிர்கள் உண்மையில் உண்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அளந்து, 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எஞ்சிய 10 விழுக்காடு பிளாஸ்டிக் துணுக்காகவே தங்கிவிடும் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியான வாசிப்பு அன்று. கார்பனின் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகவே மாறிவிடுவதால் அது வாயுவாக வெளிவந்து கணக்கில் சேர்வதில்லை. இரண்டாவதாக, பொருள் துண்டு துண்டாகச் சிதைகிறதா என்று பார்க்கிறார்கள். 12 வாரத்துக்குப் பின் உரத்தை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், மேலே தங்குவது தொடக்க எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதன்பின் கன உலோகங்களின் அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்றும், அந்த உரத்தில் விதைத்த செடிகள் சாதாரண உரத்தில் வளர்வதைப் போல் குறைந்தது 90 விழுக்காடாவது முளைத்து வளர்கின்றனவா என்றும் சோதிக்கிறார்கள். இவ்வளவையும் தாண்டிய பொருளே 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லுக்கு உரியது. சோதனை கடுமையானது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சோதனையின் 58 டிகிரி என்ற எண்ணை முத்திரைகள் வாங்குபவரிடம் சொல்வதில்லை. அது பெரிய ஆலைகளில், டன் கணக்கில் குவித்த கழிவு தானாகவே சூடேறும்போது கிடைக்கும் வெப்பம். வீட்டுத் தோட்டத்து உரத்தொட்டி அந்த அளவுக்குச் சூடாவது அரிது, சூடானாலும் நிலைப்பதில்லை. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், கோப்பையின் உட்பூச்சிலும் மூடியிலும் மிகுதியாகப் பயன்படுகிறது. அது ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரியில்தான் இளகத் தொடங்குகிறது. அந்த எல்லைக்குக் கீழே ஈரமும் நுண்ணுயிர்களும் அதனுள் புகுந்து வேலை செய்வது மிக மெதுவாகவே நடக்கும். எனவே தரநிலையில் நியாயமாகத் தேறிய ஒரு மூடியை வீட்டுத் தொட்டியில் போட்டால், அடுத்த ஆண்டும் அது மூடியாகவே கிடைக்கும். தேர்வு நடந்தது ஆலையின் சூட்டில். வாங்குபவர் அதை நம்பிப் போடுவதோ குளிர்ந்த மண்ணில்.

நான் பார்த்த பானக் கோப்பை இந்தக் குறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மேல் ஓர் இலைப் படமும் 'கம்போஸ்டபிள்' என்ற ஒற்றைச் சொல்லும் பெரிதாக இருந்தன. ஆலையிலா, வீட்டிலா என்ற குறிப்பு கோப்பையில் எங்கும் இல்லை. கோப்பைகளை அடுக்கி வந்த அட்டைப் பெட்டியின் அடிப்பக்கத்தில், சிறிய எழுத்தில், தொழில்முறை ஆலைக்கு மட்டுமே உரியது என்று எழுதியிருந்தது. பெட்டியைப் பார்ப்பவர் கடைக்காரர். கோப்பையைக் குப்பையில் போடுபவர் வேறொருவர். முடிவெடுப்பவரின் கைக்கு வராத தகவல் இருந்தும் பயனில்லை.

பிரான்சின் சட்டம் இந்த இடத்தில் மற்றவற்றைவிடத் துணிவாக நடந்துகொண்டிருக்கிறது. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய சுழற்சிப் பொருளாதாரச் சட்டத்தின்படி, தொழில்முறை ஆலையில் மட்டுமே மட்கும் பிளாஸ்டிக் பொருளின் மேல் 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லையே அச்சிடக் கூடாது. மட்கும் பிளாஸ்டிக் அனைத்தும் 'இயற்கையில் வீசாதீர்' என்ற வாசகத்தையும் தாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025ஆம் ஆண்டுப் பொதியுறை ஒழுங்குமுறையும் இதே வழியில் செல்கிறது. வீட்டு உரத்துக்கு ஏற்றதில்லை என்பதையும் இயற்கையில் எறியக் கூடாது என்பதையும் முத்திரை சொல்ல வேண்டும் என்கிறது. 'எங்கே போடக் கூடாது' என்பதைச் சொல்லும் முத்திரையை எந்த விளம்பரத் துறையும் விரும்பாது. அதனால்தான் அதைச் சட்டம் சொல்ல வைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டு உரத்தொட்டிக்கென்றே தனித் தரநிலைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 5810 என்பது 2010இலும், பிரான்சின் என்எஃப் டி51-800 என்பது 2015இலும் வந்தன. இவை 20 முதல் 30 டிகிரி என்ற சாதாரண வெப்பத்தில் சோதிக்கின்றன. சிதைய 6 மாதமும், முழுமையாக மட்க 12 மாதமும் தருகின்றன. ஆஸ்திரேலியத் தரநிலை மண்புழுக்களுக்குத் தீங்கு நேர்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. டூவ் ஆஸ்திரியா நிறுவனம் வழங்கும் 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' முத்திரை இந்த வகையில் பரவலாகக் காணப்படுவது. நான் பார்த்த குப்பைத் தொட்டிப் பைகளில் ஒன்று இதைத் தாங்கியிருந்தது, எழுத்தும் படிக்கும் அளவில் இருந்தது. என் தொட்டியில் அந்தப் பையின் மெல்லிய பக்கங்கள் ஒரு பருவத்துக்குள் அடையாளம் தெரியாமல் கரைந்தன. வாயை முடிச்சிட்ட இடம் மட்டும் கட்டியாக நெடுநாள் கிடந்தது. முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் தயாரிப்பாளருக்கு எந்தச் செலவும் கூடாது. ஆனால் அந்த வரியை நான் எந்தப் பையிலும் பார்த்ததில்லை.

இது ஒரு தொட்டியின் அனுபவம்தான். பரந்த சான்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பொதுமக்களின் தோட்டங்களில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. 'வீட்டில் மட்கும்' என்று சான்று பெற்ற பிளாஸ்டிக்குகளிலேயே 60 விழுக்காடு, பங்கேற்றோரின் வீட்டுத் தொட்டிகளில் முழுமையாகச் சிதையவில்லை. அதே ஆய்வில் மக்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தபோது, 46 விழுக்காட்டுப் பொருள்களில் எந்தச் சான்று முத்திரையும் இல்லை. 14 விழுக்காடு தொழில்முறை ஆலைக்கு மட்டும் உரியவை. இதைக் கண்டு வீட்டு முத்திரையே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் ஈரமும் காற்றும் சீராக இருக்கின்றன. வீடுகளில் ஒருவர் கிளறுவார், ஒருவர் கிளறமாட்டார், ஒருவரின் தொட்டி நனைந்தே இருக்கும், மற்றொருவருடையது காய்ந்து கிடக்கும். ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, ஏற்ற நிலைமை எது என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிடாத வீட்டு முத்திரைக்கு என்னால் முழு மதிப்பெண் தர முடியவில்லை.

இனிச் சான்று முத்திரைகளையே ஒப்பிடலாம். ஐரோப்பாவில் மிகப் பழக்கமானது, யூரோப்பியன் பயோபிளாஸ்டிக்ஸ் அமைப்புக்கு உரிய நாற்று முத்திரை. டூவ் ஆஸ்திரியாவும் ஜெர்மனியின் டின் செர்ட்கோவும் சோதனை முடிவுகளைப் பார்த்து இதை வழங்குகின்றன. அதன் நம்பகத்தன்மையில் எனக்குக் குறையில்லை, படத்தில்தான் குறை. மண்ணிலிருந்து எழும் செடியைப் பார்க்கும் எவருக்கும் தோட்டம்தான் நினைவுக்கு வரும், முத்திரைக்கு உரிய இடமோ ஆலை. 'ஓகே கம்போஸ்ட்' முத்திரைகள் 'இண்டஸ்ட்ரியல்', 'ஹோம்' என்ற சொற்களை முத்திரைக்குள்ளேயே வைத்திருப்பது இதைவிடத் தெளிவு. வட அமெரிக்காவின் பயோடிகிரேடபிள் புராடக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் வழங்கும், பிபிஐ என்று சுருக்கமாக அறியப்படும் முத்திரையே நான் பார்த்தவற்றில் நேர்மையானது என்பேன். வணிக ஆலைக்கு மட்டுமே உரியது என்றும், அத்தகைய ஆலை உங்கள் பகுதியில் இல்லாமலும் இருக்கலாம் என்றும் அது வெளிப்படையாக எழுதுகிறது. இப்படி எழுதும் வழக்கம் தானாக வந்ததில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012இல் திருத்தி வெளியிட்ட 'கிரீன் கைட்ஸ்' நெறிகள், பெரும்பான்மையோருக்கு ஆலை வசதி எட்டாத இடத்தில் விற்கும் பொருள் அந்த உண்மையைச் சொல்லாமல் 'கம்போஸ்டபிள்' என்று கூறினால் அது ஏமாற்றும் கூற்றாகக் கருதப்படும் என்கின்றன.

முத்திரை அசலா என்று சரிபார்ப்பது கடினமான வேலை இல்லை. உண்மையான சான்று முத்திரையோடு பொதுவாக ஓர் எண் அல்லது சான்று பெற்றவரின் பெயர் வரும்; அதைச் சான்றளித்த அமைப்பின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். தேடும்போது கவனிக்க வேண்டியது, சான்று எதற்கு வழங்கப்பட்டது என்பது. மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணைக்குச் சான்று இருப்பது ஒன்று. அதிலிருந்து செய்து, மையிட்டு, பசையிட்டு விற்பனைக்கு வரும் பொருளுக்குச் சான்று இருப்பது வேறு. தடிமனும் முக்கியம்: மெல்லிய படலமாகத் தேறிய அதே பிளாஸ்டிக், கனமான கரண்டியாக வார்க்கும்போது தேற வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் சான்று ஒரு குறிப்பிட்ட தடிமன் வரைக்கும் என்றே வழங்கப்படுகிறது. ஒரு தயாரிப்பாளர் மூலப்பொருள் விற்றவரின் சான்றை எடுத்துத் தன் பொருளின் விளம்பரத்தில் ஒட்டியிருப்பதை நான் கண்டேன். அது சட்டப்படி எந்த ஊரில் எவ்வளவு தவறு என்பது ஒருபுறம் இருக்க, வாங்குபவரைப் பொறுத்தவரை அது இன்னொருவரின் தேர்ச்சிப் பட்டியலைத் தன் பெயரில் காட்டுவதற்குச் சமம்.

கோப்பைக்கும் மூடிக்கும் இதே கணக்குப் பொருந்தும். நான் பார்த்த கோப்பைக்குச் சான்று இருந்தது. அதனோடு வந்த மூடியில் எந்த முத்திரையும் இல்லை. அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் 7 என்ற எண்ணும் மட்டும் இருந்தன. 7 என்பது பிளாஸ்டிக் வகைப்பாட்டில் 'மற்றவை' என்ற பிரிவு. பிஎல்ஏவும் அதில் அடங்கும், மட்கவே மட்காத பல பிளாஸ்டிக்குகளும் அடங்கும். மேலும் அந்த முக்கோணம் மறுசுழற்சிக்கு உரியது என்ற எண்ணத்தையும் ஏற்படுத்துகிறது. அம்புகள் துரத்தும் பழைய வடிவத்தை, தரநிலைகளை வகுக்கும் அமைப்பான ஏஎஸ்டிஎம் 2013இலேயே வெறும் முக்கோணமாக மாற்றியது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். மூடி உண்மையில் பிஎல்ஏவாக இருந்தாலும், ஆலையில் கழிவைப் பிரிப்பவருக்கு அதை அறிய வழியில்லை. அவர் அதை எடுத்து எறிவார், எறிவதுதான் சரி.

சான்று முத்திரை இல்லாத இடத்தைச் சொற்கள் நிரப்புகின்றன. அவற்றில் மிகவும் ஏமாற்றுவது 'பயோடிகிரேடபிள்', அதாவது நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது, என்ற சொல். எவ்வளவு காலத்தில், எந்த இடத்தில், எதுவாக மாறும் என்று சொல்லாமல் விட்டால் அதற்கு அளவே இல்லை. போதிய காலம் கொடுத்தால் ஏறக்குறைய எதுவும் சிதையும். கலிபோர்னியா மாநிலம் பிளாஸ்டிக் பொருள்களின் மேல் இச்சொல்லைத் தடை செய்திருக்கிறது. பிரான்சின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பொருளின் மேலும் பொதியுறையின் மேலும் அதை அச்சிடக் கூடாது என்கிறது. 'ஆக்ஸோ' என்ற முன்னொட்டோடு வரும் பைகள் இன்னும் மோசம். அவை சாதாரண பாலிதீனில், வெயிலும் காற்றும் பட்டால் உதிரச் செய்யும் உப்புகளைக் கலந்து செய்தவை. கண்ணுக்கு மறைகின்றனவே தவிர, நுண்துகள்களாகத் தங்கிவிடுகின்றன என்பதே அவற்றின் மேலுள்ள முக்கியக் குற்றச்சாட்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் உத்தரவால் இவ்வகையை முற்றிலும் தடுத்தது. 2021 ஜூலையில் தடை நடைமுறைக்கு வந்தது. இன்றும் இத்தகைய பை ஒன்றில் ஏஎஸ்டிஎம் டி6954 என்ற எண் பெருமையோடு அச்சிடப்பட்டிருந்தது. அது சோதிக்கும் முறையைச் சொல்லும் வழிகாட்டி. தேர்ச்சி, தோல்வி என்று எதையும் வரையறுத்து 'கம்போஸ்டபிள்' என்ற தகுதியைத் தருவது இல்லை. எண் இருக்கிறது என்பதற்காக மயங்காமல், எந்த எண் என்று பார்க்க வேண்டும்.

'100 விழுக்காடு தாவரத்திலிருந்து' என்ற வாசகமும் இதே இனம். எதிலிருந்து வந்தது என்பதும் எதுவாக மாறும் என்பதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத கேள்விகள். கரும்பிலிருந்து எடுத்த எத்தனாலைக் கொண்டு செய்யும் பாலிதீன், பெட்ரோலியப் பாலிதீனைப் போலவே மட்காது. மாறாக, மட்கும் பைகளுக்கு நெகிழ்வைத் தரும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது, ஆனால் ஆலையில் முறையாக மட்கிவிடும். டூவ் ஆஸ்திரியாவே 'ஓகே பயோபேஸ்டு' என்று நட்சத்திரங்களோடு மற்றொரு முத்திரை வழங்குகிறது. 'ஓகே கம்போஸ்ட்' குடும்பத்தின் சாயலிலேயே இருக்கும் அது, உயிரி மூலக் கார்பனின் பங்கை மட்டுமே சொல்கிறது. நான்கு நட்சத்திரம் பெற்ற உறை, உரக்குழிக்குச் சிறிதும் உதவாததாக இருக்கலாம். நான் பார்த்த அஞ்சல் உறைகளில் ஒன்று இந்த நட்சத்திரங்களைப் பச்சை இலைகளுக்கு நடுவே வைத்திருந்தது. பொய் எதுவும் எழுதவில்லை, ஆனாலும் பார்ப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

கரும்புச் சக்கைத் தட்டுகளைப் பற்றிப் பலருக்கும் ஐயமே எழுவதில்லை. நார்தானே, மட்கிவிடும் என்று எண்ணுகிறோம். நார் மட்கும் என்பது உண்மை. எண்ணெயும் குழம்பும் ஊறாமல் இருக்க அதில் சேர்ப்பதுதான் சிக்கல். நெடுங்காலம் இதற்குப் புளோரின் சேர்ந்த பிஃபாஸ் வகை வேதிப்பொருள்கள் பயன்பட்டன. அவை உரத்தில் அழியாமல் தங்கி, மண்ணுக்கும் நீருக்கும் செல்லக்கூடியவை. பிபிஐ 2020 தொடக்கத்திலிருந்து, தான் சான்றளிக்கும் பொருள்களில் வேண்டுமென்றே சேர்த்த புளோரின் வேதிப்பொருள் இருக்கக் கூடாது, மொத்தப் புளோரின் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. கலிபோர்னியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வரம்பைக் கொண்டது. இஎன் 13432 தரநிலையிலும் புளோரினுக்கு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற எல்லை உண்டு. ஆகவே நார்த் தட்டுக்குச் சான்று முத்திரை வேண்டியதில்லை என்ற வாதம் தவறு. அதற்குத்தான் அதிகம் வேண்டும். நான் பார்த்த இரண்டு வகைத் தட்டுகளில் ஒன்றுக்குச் சான்று எண் இருந்தது. மற்றொன்று 'இயற்கையானது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாவதை நான் மீண்டும் வாங்கமாட்டேன்.

எழுத்தைப் போலவே நிறமும் பேசும் என்பதைச் சட்டத்தில் எழுதிவைத்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். 2019இல் இயற்றிய சட்டத்தின் வழியே, மட்கும் பொருள்கள் பச்சை, பழுப்பு போன்ற நிறங்களாலோ பட்டைகளாலோ எளிதில் அடையாளம் தெரிய வேண்டும் என்றும், மட்காத பைகள் அந்த நிற அடையாளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அது விதிக்கிறது. கழிவு ஓடும் பட்டையின் அருகில் நின்று நொடிப்பொழுதில் பிரிப்பவருக்குச் சான்று எண்ணைப் படிக்க நேரமில்லை. நிறம் மட்டுமே கண்ணில் படும். மட்காத பை பச்சை நிறத்தில் வருவதைத் தடுப்பதுதான் இதில் முக்கியமான பாதி. நான் பார்த்த பைகளில் மிக அழகான பச்சை நிறம் கொண்டது, சான்று எதுவும் இல்லாத பைதான்.

இத்தனை விதிகளையும் நிறைவேற்றிய பொருளையும் ஆலை மறுக்கலாம். ஓரிகான் மாநிலத்தின் கம்போஸ்ட் தயாரிப்பாளர்கள் சிலர் 2019இல் ஒன்று சேர்ந்து, மட்கும் பொதியுறையும் தட்டு கோப்பையும் தங்களுக்கு வேண்டாம் என்று ஒன்பது காரணங்களோடு அறிவித்தார்கள். சான்று பெற்ற பொருள்களும் தங்கள் ஆலையின் நடைமுறைக் காலத்துக்குள் முழுமையாக மட்குவதில்லை என்பது அவற்றில் ஒன்று. அவற்றைப் போல் தோன்றும் மட்காத பொருள்களும் கூடவே வந்து உரத்தைக் கெடுக்கின்றன என்பது மற்றொன்று. அமெரிக்க அரசின் இயற்கை வேளாண்மை விதிகளின்படி, செயற்கையாகத் தயாரித்த மட்கும் பிளாஸ்டிக் கலந்த உரத்தைச் சான்று பெற்ற இயற்கைப் பண்ணைகளில் பயன்படுத்த முடியாது என்பதும் அவர்களுக்குப் பெரிய இழப்பு. சோதனையில் 12 வாரம் கொடுக்கிறார்கள். பல ஆலைகள் அதைவிட விரைவாகக் குவியலை நகர்த்துகின்றன. எந்த முத்திரையும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. பொருள் எந்த ஆலைக்குப் போகும், அந்த ஆலை எவற்றை ஏற்கிறது என்று கேட்டு அறிந்த பின்பே சான்று எண்ணுக்குப் பயன் உண்டு. தனக்குக் கழிவு அள்ளும் சேவை எவற்றை ஏற்கிறது என்ற பட்டியலைப் படிக்காமல் மட்கும் பை வாங்குவது வீண்.

இந்தியாவின் விதிகள் இதில் தனிப் பாதை கொண்டவை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் பிளாஸ்டிக் பை ஐஎஸ் 17088 தரநிலைக்கு ஒத்திருக்க வேண்டும், 'கம்போஸ்டபிள்' என்ற குறியைத் தாங்க வேண்டும், விற்பனைக்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும் என்கின்றன. சாதாரணப் பைகளுக்குக் குறைந்தபட்சத் தடிமன் 2022 இறுதியிலிருந்து 120 மைக்ரான் ஆனது. மட்கும் பைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நோக்கம் நல்லதுதான், ஆனால் மெல்லிய சாதாரணப் பையின் மேல் 'கம்போஸ்டபிள்' என்று பொய்யாக அச்சிடுவதற்கான தூண்டுதலும் அங்கேயே பிறக்கிறது. எனவே இந்தியப் பையில் சொல்லைவிடச் சான்றிதழ் எண்ணையும் தயாரிப்பாளரின் பெயரையும்தான் முதலில் தேட வேண்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தம், 'பயோடிகிரேடபிள்' பிளாஸ்டிக்கை வரையறுக்கும்போது நுண்பிளாஸ்டிக் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று சேர்த்தது நல்ல முன்னேற்றம்.

நான் பார்த்தவற்றில் மீண்டும் வாங்கத் தக்கவை, வீட்டு முத்திரை பெற்ற குப்பைத் தொட்டிப் பையும், சான்று எண் கொண்ட நார்த் தட்டும் மட்டுமே. பை சமையலறைக் கழிவைத் தன்னோடு உரத்துக்கு எடுத்துச் செல்கிறது. மட்கும் பிளாஸ்டிக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் தேயிலைப் பை, பழங்களில் ஒட்டும் சிறு சீட்டு போன்று உணவுக் கழிவோடு பிரிக்க முடியாமல் போகும் பொருள்களை 2028 பிப்ரவரியிலிருந்து மட்கக்கூடியவையாகச் செய்யக் கேட்டிருப்பது இந்தக் காரணத்தால்தான். கோப்பைக்கு, ஆலைக்குப் போவது உறுதியான விழா அரங்கு, அலுவலக உணவகம் போன்ற இடங்களில் மட்டும் இடம் உண்டு. அங்கும் சான்றுள்ள மூடியோடு சேர்த்தே வாங்க வேண்டும். அஞ்சல் உறை எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. உணவுக் கழிவோடு சேராத பொருளை உரமாக்குவதால் மண்ணுக்கு ஊட்டம் எதுவும் கூடுவதில்லை; காகித உறையே போதும்.

கடைசியாகத் தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை, நான் மேலே குறிப்பிட்ட விதிகள் எதுவும் கேட்காதது. மட்கும் பைகள் இருப்பிலேயே மெல்ல வலுவிழக்கின்றன. ஈரமும் வெப்பமும் உள்ள அலமாரியில் ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் மடிப்பு வழியே கிழியத் தொடங்குவது இயல்பு. ஆகவே பொதியின் மேல் தயாரித்த மாதத்தையும் எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். நான் வாங்கிய சுருள்களில் ஒன்றே ஒன்றில்தான் அந்தத் தேதி இருந்தது, அதுவும் பிரித்ததும் தூக்கி எறியும் வெளிச்சுற்றுக் காகிதத்தில்.